வெடிக்கக் காத்திருந்த பூ

பூ வெளுக்கவே இல்லை.

சௌந்தரபாண்டியன் குத்தவைத்து உட்கார்ந்து நாலு செடியையும் மாறி மாறிப் பார்த்தார். பச்சைப் பசேலென்று கூம்பு, கூம்பின் மேல் குட்டிக் கூம்பு. காலிபிளவர் என்றால் வெள்ளையாக அல்லவா இருக்கும்?

தீபாவளிக்கு வந்த மகள் பத்திரகாளி மசக்கையில் கேட்டது காலிபிளவர். உண்டானவள் ஆசைப்பட்டது கிடைக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும். கடையில் வாங்க அவருக்கு மனசில்லை. எதைப் போட்டு வெளுத்தானோ. துறைமுகத்தில் வேலை பார்க்கிற மருமகன் முறை சாமித்துரைதான் இத்தாலிக் கப்பல்காரனிடம் விதை வாங்கித் தந்தான். ரோமனெஸ்கோவாம். "காலிபிளவர் சாதிதான் மாமா" என்றான். மகளும் பிரசவத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாள். பூ இன்னும் பச்சை.

"முத்திரப் போகுது. இதுக்கு நிறமே பச்சைதான் போல, பறிச்சிருவோமா?" என்றாள் அவர் மனைவி சங்கரம்மாள்.

"போடி கூறுகெட்டவளே! பருத்திக்காய் பச்சையாத்தான இருக்கு? வெடிச்சாத்தான வெள்ளை? இதும் வெடிக்கும்."

நாற்பது வருசம் கரிசலில் பருத்தி போட்டவர். கரிசல் சொன்னதை நம்புவார். மனுசர் சொன்னதை நம்பியதில்லை.

காய் வெடிக்கிற நேரம் பருத்திக்குத் தண்ணீர் ஆகாது. தண்ணீரை நிறுத்தினார். இலை தொங்கிற்று. வெயில் படட்டுமென்று இலையையும் ஒடித்தார். மறுநாள் காலை ஒரு பூவைக் காணோம்.

"ஏலே மாயகிருஷ்ணா! ஆடு மேய்க்க என் தோட்டந்தான் கெடச்சுதா?"

பக்கத்து வீட்டு மாயகிருஷ்ணன் என்னவோ சொல்ல வந்து விழுங்கினான்.

"தின்னுருக்கும் அண்ணாச்சி."

ஒத்துக்கொண்டவனை விடலாமா? உடைமர முள் வெட்டி வேலி போட்டார். அதில் கிழிந்தது அவர் வேட்டிதான். இரண்டாவது பூவும் போயிற்று. ஆட்டைப் பிடித்து, பயிர் மேய்ந்த ஆடுமாட்டை அடைக்கிற பஞ்சாயத்துப் பவுண்டில் அடைத்தார். ஆடு பவுண்டில் இருக்கும்போதே மூன்றாவதும் போயிற்று.

"வேற ஆடு வச்சிருக்கியாலே?"

"இருக்கும் அண்ணாச்சி."

"இருக்குமா? உனக்கே தெரியாதா?"

நாலாவது பூவுக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுக் காவல் இருந்தார். கடைசியில் ஒருநாள் அது வெடிக்கத்தான் செய்தது. கூம்பெல்லாம் நீண்டு பிரிந்து, கடுகுப் பூ மாதிரி மஞ்சளாக.

"வெடிச்சிட்டுல்லா? பஞ்சு எடுக்க ஆள் விடட்டா?" என்றாள் சங்கரம்மாள்.

அன்றைக்கே பத்திரகாளிக்கு வலி கண்டது. கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. பிள்ளை யார் சாயல் என்று எல்லாரும் முகத்தைப் பார்க்க, இவர் மட்டும் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளையைப் பார்க்க வந்த மாயகிருஷ்ணன் கேட்டான்: "என்ன அண்ணாச்சி, காதுல என்ன தேடுதீங்க?"

"எம்மக வாய்விட்டுக் கேட்டது அது ஒண்ணுதாம்லே. அதையும் குடுக்க முடியல. உன் ஆட்டை ஏசி என்ன செய்ய? கடைசிப் பூவைக் கெடுத்தது நான்தான. இதுக்குக் காதுல சீழ் வடிஞ்சா அந்தப் பாவம் எனக்குத்தான்."

மாயகிருஷ்ணன் தலையைச் சொறிந்தான். பத்திரகாளி அசந்து தூங்குகிறாள் என்று உறுதிப்படுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

"வடியாது அண்ணாச்சி. மூணு பூவையும் அறுத்துத் தின்னது உங்க மகதான். 'சித்தப்பா, அப்பாட்ட சொல்லிராதீங்க. அவுக பூ வெடிக்குததுக்குள்ள எனக்குப் பிள்ளையே பொறந்திரும்'னா."