கோப்பைக்கு அடியில் ஒரு ‘கூடாது’

காஸல்,
14 நவம்பர் 1996, வியாழக்கிழமை

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய அக்கா ரோஸ்விதாவுக்கு,

தம்பி எக்பெர்ட் எழுதிக்கொள்வது. நானும் என் வீட்டுக்காரி இர்ம்கார்டும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே ஊல்மில் நீயும், அத்தான் ஹார்ட்முட்டும், அவருடைய முழங்காலும் சௌக்கியம் என்றே நம்புகிறேன். நீ அனுப்பிய பிளம்பழ ஜாம் இரண்டு புட்டியும் உடையாமல் வந்து சேர்ந்தது. நன்றி. மரியாதை இத்தோடு முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன். என் ஏழு வருட உழைப்பின் தலையில் நீ மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாய்.

‘நான் என்ன செய்தேன்’ என்று கேட்பாய். கேட்பாய் என்று தெரிந்துதான் தொலைபேசாமல் எழுதுகிறேன். தொலைபேசியில் நீ என்னைப் பேச விட்டதாகச் சரித்திரமே இல்லை. நான் செய்த ‘அமைதித் தோட்டம்’ ஆட்டம் உனக்குத் தெரியும். நில அளவை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம், தோட்டச் சங்கத்துக்குச் செயலாளராகப் பதினெட்டு வருடம், அத்தனை அனுபவத்தையும் பிழிந்து செய்த ஆட்டம் அது. நான்கு பேர், நான்கு தோட்டம். வேலி ஒன்றேகால் மீட்டருக்கு மேல் வளரக் கூடாது, மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்றுவரை சத்தம் கூடாது, யார் கடைசிவரை ஒழுங்காக இருக்கிறாரோ அவர் ஜெயித்தார். புகார் அட்டை ஒன்று கைக்கு வந்தால், அதை வாயைத் திறக்காமல் குப்புற வைத்து இடப்பக்கத்தாரிடம் தள்ள வேண்டும். அட்டையின் முதுகில் ஓர் எண் இருக்கும். அவர் அத்தனை செடியைத் தன் வேலியிலிருந்து எடுத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். நாகரிகமான மனிதர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அட்டையின் முன்பக்கத்தில் நூற்றிருபது புகார் எழுதினேன். யாரும் படிக்கப் போவதில்லை என்றாலும் சங்கத்துக் கோப்பில் இருந்தபடி ஒரு சொல் மாறாமல் எழுதினேன். என் வேலை அப்படி.

இப்போது உன் வேலையைப் பார்ப்போம். பதிப்பகத்துக்குக் காட்டும் முன், பிழை பார்த்துத் தா என்று விதித்தாளை உனக்கு அனுப்பினேன். பிழை பார்க்கத்தான் கேட்டேன். முப்பத்தாறு வருடம் பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்திய கை சும்மா இருக்குமா? நான் எழுதியிருந்தது இது: ‘புகாரை எல்லோருக்கும் காட்டக் கூடாது. உரக்க வாசிக்கக் கூடாது. மறுத்து வாதாடக் கூடாது. மற்றவர்கள் கேட்டுச் சிரிக்கக் கூடாது.’ கல்வெட்டில் வெட்டினாற்போல நான்கு வாக்கியம். நீ சிவப்பு மையில் ஓரத்தில் எழுதினாய்: ‘தம்பி, ஒரே மூச்சில் நாலு கூடாதா? இது விளையாட்டா, சிறைச்சாலையா? ஒன்று போதும்.’ எழுதியதோடு நிற்காமல் நாலையும் ஒன்றாக்கித் தந்தாய்: ‘புகாரை எல்லோருக்கும் காட்டவும், உரக்க வாசிக்கவும், மறுத்து வாதாடவும், மற்றவர்கள் கேட்டுச் சிரிக்கவும் கூடாது.’ அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் அப்படியே தட்டச்சு செய்தேன். செய்தபோது மூன்றாம் பக்கம் ‘சிரிக்கவும்’ என்ற சொல்லோடு நிறைந்துவிட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் ‘கூடாது’ நான்காம் பக்கத்தின் தலையில் தன்னந்தனியாகப் போய் உட்கார்ந்தது. எனக்கு என்ன தெரியும்? ஒரு பக்கம் முடிந்தால் மறு பக்கத்தைப் புரட்டுவார்கள் என்றுதான் படித்த மனிதர்களைப் பற்றி நினைத்திருந்தேன்.

போன சனிக்கிழமை, ரயிலடிக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் சோதனை ஆட்டம். பதிப்பகத்திலிருந்து பெஹ்ரென்ஸ் அம்மாள் வந்திருந்தார். எந்த ஆட்டத்தைப் பெட்டியில் போடுவது என்று முடிவு செய்கிறவர் அவர்தான். என் ஆட்டத்தை ஆட மூன்று பேர் முன்வந்தார்கள். பல் டாக்டர் லூடெக்கே, அவர் மனைவி ஃப்ராவ்கே, பஸ் ஓட்டும் டெட்லெஃப். நாலாவது ஆளாக அம்மாளே உட்கார்ந்தார். சோதனை ஆட்டத்தின் சட்டம் உனக்குத் தெரியாது. ஆட்டத்தைச் செய்தவன் ஒரு மீட்டர் தள்ளி நாற்காலியில் உட்கார வேண்டும், என்ன நடந்தாலும் வாய் திறக்கக் கூடாது. அம்மாள் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: “பெட்டிக்குள்ள உங்களையும் மடிச்சு வெச்சு விக்க முடியாதுங்க ஐயா. விதித்தாள்தான் பேசணும். நீங்க மூச்!” நானும் பெருமையாகத் தலையாட்டினேன். மௌனத்தைப் பற்றி எனக்கே பாடமா என்று நினைத்தேன், புத்தி கெட்டவன்.

டாக்டர் விதித்தாளை எடுத்து உரக்க வாசித்தார். முதல் பக்கம் சரி, இரண்டாம் பக்கம் சரி. மூன்றாம் பக்கத்தின் அடியில் வந்து, “காட்டவும், உரக்க வாசிக்கவும், மறுத்து வாதாடவும், மற்றவர்கள் கேட்டுச் சிரிக்கவும்” என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தார். “அட, சிரிக்கவும்னு விதியே போட்டிருக்காரே மனுஷன்!” என்றார். பிறகு நான்காம் பக்கத்தைக் கையில் எடுத்தார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. பார்த்தால் வெற்றுத்தாள் போலத்தான் இருந்திருக்கும். அதை மேசையில் விரித்து, அதன்மேல் தன் காப்பிக் கோப்பையை வைத்தார். மிகச் சரியாக அந்தக் ‘கூடாது’வின் மேல் வைத்தார், அக்கா! பல்லில் துளை போடுகிற குறி தவறாத கை, இங்கேயும் தவறவில்லை.

நான் இருமினேன். அம்மாள் விரலை உதட்டில் வைத்தார். மறுபடி இருமினேன். டெட்லெஃப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டி, “தொண்டைக்கு நல்லது, சப்புங்க” என்றான். கேக் எடுக்கிற சாக்கில் எழுந்துபோய்க் கோப்பையை நகர்த்தலாம் என்று கை நீட்டினேன். டாக்டர் முந்திக்கொண்டு, “நீங்க ஏங்க சிரமப்படறீங்க, இந்தாங்க” என்று ஒரு துண்டை என் கையில் திணித்துவிட்டு, கோப்பையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றி அங்கேயே வைத்தார். ஒரு கையில் கேக், வாயில் மிட்டாய், நெஞ்சில் நெருப்பு. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மேசையில் நடந்ததை எழுதவே கை கூசுகிறது. டெட்லெஃப் எழுந்து நின்று, சங்கத்துக் கோப்பில் ரகசியம் என்று முத்திரை குத்தி வைத்திருந்த புகாரை, பஸ் நிறுத்தத்தை அறிவிக்கிற குரலில் வாசிக்கிறான்: “உங்கள் ஆப்பிள் மரத்தின் நிழல் என் தக்காளியின்மீது விழுகிறது. இது மூன்றாவது எச்சரிக்கை!” இடப்பக்கம் இருந்த ஃப்ராவ்கே சும்மா செடியை எடுக்கவில்லை. “நிழலுக்கு நான் என்ன கயிறு கட்டியா இழுக்க முடியும்? உன் தக்காளியைத் தூக்கித் தள்ளி நடு! பழுக்கத் துப்பில்லாத தக்காளிக்கு நிழல்மேல பழி!” என்கிறாள். மற்ற இருவரும் விதிப்படி கேட்டுச் சிரிக்கிறார்கள். அப்புறம் ஃப்ராவ்கே ஓர் அட்டையை எடுத்து, “மத்தியானம் ஒன்றேகாலுக்கு உங்கள் குறட்டை என் தோட்டம்வரை கேட்டது” என்று தன் புருஷனைப் பார்த்தே வாசிக்க, டாக்டர், “அது குறட்டையே இல்ல, என் மாமியார் பேசிக்கிட்டிருந்தாங்க” என்கிறார். அந்தக் குறட்டைப் புகார் 1983-ல் நானே பதிவு செய்தது, அக்கா. ரொம்பக் கஷ்டமான விவகாரம். பெஹ்ரென்ஸ் அம்மாள் சிரித்துச் சிரித்து, கண்மை கன்னம்வரை வழிந்து, கைக்குட்டை கேட்கிறார். பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் ஆட்டத்தைப் போட்டுவிட்டு வந்து நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். ஒரு ஆள் வேலியே இல்லாமல் வெறுந்தோட்டத்தோடு நின்றுகொண்டு, தோற்றதற்குக் கைதட்டு வாங்குகிறான். உருப்படுமா?

ஆட்டம் முடிந்து வாய் திறக்க அனுமதி வந்ததும் பாய்ந்துபோய்க் கோப்பையைத் தூக்கி நான்காம் பக்கத்தை அம்மாளின் மூக்குக்கு நேரே காட்டினேன். காப்பி வட்டத்துக்கு நடுவில் ‘கூடாது’ பளிச்சென்று இருந்தது. “இத்தனை நேரம் ஆடினது என் ஆட்டமே இல்லை! எல்லாம் தலைகீழ்!” என்றேன். அம்மாள் பார்த்தார். இன்னொரு தடவை சிரிக்க ஆரம்பித்தார். சரி, ஒழுங்கான விதிப்படியும் ஒருமுறை ஆடிப் பார்க்கலாம் என்று நான் மன்றாடியதால் பெரிய மனதோடு சம்மதித்தார்கள். ஆடினார்கள். எவ்வளவு அழகு! ஒரு சத்தமில்லை, ஒரு சிரிப்பில்லை. அட்டை போகிறது, செடி வருகிறது. நாற்பதாவது நிமிடத்தில் டாக்டர் மயக்க ஊசி இல்லாமலே தூங்கிப்போனார். அம்மாள் என் தோளைத் தட்டி, “ஐயா, மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க செஞ்ச ஆட்டம் வேண்டாம். நீங்க செய்யாம விட்ட ஆட்டம் இருக்கு பாருங்க, அதைப் போடறோம். மூடியில உங்க பேரு பெரிசா வரும். பதினெட்டாம் தேதி திங்கட்கிழமைக்குள்ள ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க” என்றார்.

மூடியில் என் பெயராம்! இதற்குத்தானே ஏழு வருடம் காத்திருந்தேன்? அந்தப் பெயரை எதன்மேல் போடப் போகிறார்கள் என்று யோசித்துப் பார். சங்கத்து ஆட்கள் கடையில் அந்தப் பெட்டியைப் பார்த்தால் என்ன சொல்வார்கள்? ‘பதினெட்டு வருஷம் நம்ம வாயைக் கட்டி வெச்ச செயலாளர், இப்ப நம்ம புகாரையே ஊரெல்லாம் வாசிக்கச் சொல்லி விக்கறான்’ என்பார்கள். அதைவிட, அக்கா, இந்த நாட்டில் என் ஆட்டத்தை ஆடுகிற ஒவ்வொருவனும் சிரிப்பான், அந்தச் சிரிப்பில் ஒரு துளிகூட நான் வைத்தது இல்லை. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. இர்ம்கார்டிடம் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, “நீ செஞ்சதுலயே ஜனங்க ஆசைப்பட்டு ஆடினது இது ஒண்ணுதான். அதையும் நீ செய்யல. பேசாம கையெழுத்தைப் போடு” என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? சரியான ஆட்டத்தை மூன்று முறை என்னோடு ஆடிவிட்டு, “இதுக்கு நான் தேவாலயத்துல போய் உக்காந்திருப்பேன், அங்க பாட்டாவது பாடுவாங்க” என்று எழுந்துபோனவள் அவள். நாலு வருடமாக என் ஆட்டத்துக்கு மேசைப்பக்கம் வருவதில்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. கடிதம் கண்டவுடன் பெஹ்ரென்ஸ் அம்மாளுக்கு எழுது. நான்கு கூடாதுவை ஒன்றாக்கியது நீதான் என்றும், உன் தம்பி எழுதியது நான்கு என்றும், அந்த நான்கையும் அச்சிட்டால் மட்டுமே அவன் கையெழுத்துப் போடுவான் என்றும் எழுது. அவர்கள் மறுத்தால் மறுக்கட்டும். பெட்டியே வேண்டாம், மூடியும் வேண்டாம். பிழையோடு பெயர் வாங்குவதைவிடப் பெயரில்லாமல் சரியாக இருந்துவிட்டுப் போகிறேன். இது என் முடிவு. இதில் மாற்றமில்லை.

அத்தானின் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும். உனக்கு நீண்ட ஆயுளும், அதைவிட முக்கியமாக, அடுத்தவர் எழுத்தில் கை வைக்காத பொறுமையும் வாய்க்கட்டும் என்று மனதார வேண்டுகிறேன்.

இன்னும் கோபம் ஆறாத உன் தம்பி,
எக்பெர்ட்

பின்குறிப்பு (ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்): வீட்டில் தபால்தலை இல்லாததால் கடிதம் மூன்று நாளாக இங்கேயே கிடக்கிறது. இன்று சாப்பாட்டுக்கு அப்புறம் இர்ம்கார்ட் அதைப் படித்துவிட்டாள். “நீ ஆடியே பாக்காம தப்பான ஆட்டம்னு எப்படிச் சொல்றே? எடு பெட்டியை” என்றாள். எவ்வளவு மட்டமான ஆட்டம் என்று அவளுக்குக் காட்டுவதற்காகத்தான் எடுத்தேன். இரண்டு பேர்தான், ஒருவருக்கு ஒருவர் இடப்பக்கம். அவள் இரண்டு புகார் வாசித்தாள், நான் வாதாடினேன். ஒருமுறை எனக்குச் சிரிப்பு வந்தது. இருமல் என்று எழுதலாம், ஆனால் சிரிப்புதான்.

மூன்றாவது அட்டையை எடுத்துப் பார்த்தவள், அதை வாசிக்கவில்லை. குப்புற வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “எங்க அம்மாவை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கு, நான் இந்த மேசையில உக்காந்து அழுதேன், எக்பெர்ட். நீ எதிர்ல உக்காந்து அட்டை வெட்டிக்கிட்டிருந்தே. ‘அட்டை நனையும், கொஞ்சம் தள்ளி உக்காரு’ன்னு சொன்னே” என்றாள். விதிப்படி நான் மறுத்து வாதாட வேண்டும். வாயைத் திறந்தேன். சொன்னது உண்மை, அக்கா. எனக்கு இப்போது நினைவிருக்கிறது. வெட்கமாக இருந்தது. “ஆமா, சொன்னேன். தப்பு” என்றேன். என் வேலிச் செடி அத்தனையையும் அவள் பக்கம் தள்ளினேன். “எனக்கு எதுக்கு இவ்வளவு? அட்டையில மூணுதான் போட்டிருக்கு” என்று மூன்றை எண்ணி எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தள்ளினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ம், உன் முறை. நீயும் ஏதாவது சொல்லு” என்றாள்.

பதிப்பகத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டிவிட்டேன். காலையில் தபாலில் சேர்ப்பேன். நீ அந்த அம்மாளுக்கு எதுவும் எழுதிவைக்காதே. மேலே உள்ளதைக் கிழித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், இவ்வளவு எழுதிவிட்டு மனசு வரவில்லை. நிறுத்திக்கொள்கிறேன், மேசையிலிருந்து கூப்பிடுகிறாள். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடம், முதலிலிருந்து புகார் சொல்ல ஆரம்பித்தவள் இன்னும் இரண்டாவது வருடத்தையே தாண்டவில்லையாம்.