ஊரடங்கில் தீய்ந்த பருப்பு

கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவனுக்கு ஒருவரும் உதவிக்கு வரமாட்டார்கள். எனக்கு ஆட்டிசம் என்பது நாற்பது வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதுவரை நெற்றியில் ஒட்டியிருந்தது 'கெட்டிக்காரன்' என்ற சீட்டு மட்டுமே. (கணக்கில் புலி, அடுப்படியில் எலி என்பாள் அக்கா.)

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு உத்தியோகம் பார்க்க வந்து, வத்தேகமையில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். தனியே வாழப் போகிறேன் என்று அடம்பிடித்து, கண்டி நகரில் அக்குறணைக்காரி பரீதா ராத்தாவின் வீட்டுப் பின்னறையை வாடகைக்கு எடுத்தேன். (முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்பார்கள்.)

"ஒரு மாசம் பாப்பம். ஏதும் ஏடாகூடம் நடந்தால் பெட்டியோட திரும்பி வாறாய்," என்றாள் அக்கா.

அந்த மாதம் முடிவதற்குள் தமிழருக்கு எதிரான கலவரம். ஊரடங்குச் சட்டம், யாரும் வெளியே தலைகாட்டக்கூடாது என்று அறிவித்துவிட்டு என் வானொலியும் படுத்துவிட்டது. அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வானொலியைக் கழற்ற உட்கார்ந்தேன். நான் ஒன்றில் மூழ்கிவிட்டால் யானை வந்து தட்டினாலும் தெரியாது. பருப்பு கரியாகி, பக்கத்தில் கிடந்த சாக்கும் பற்றி, அறை முழுக்கப் புகை.

அந்த நாட்களில் தமிழன் இருக்கும் வீட்டில் புகை எழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ கொளுத்திவிட்டார்கள் என்று பயந்து, சிங்களவர், முஸ்லிம்கள் என்று அந்த ஒழுங்கையில் குடியிருந்த சனமெல்லாம் ஊரடங்கை மறந்து வாளிகளோடு ஓடி வந்தது.

"மகன், வெளிய வாங்க! பத்துது!" என்று கத்தினார் ராத்தா.

"வரேலாது ராத்தா, ஊரடங்கு!" என்றேன் இருமிக்கொண்டே. (சட்டம் என்றால் சட்டம்தானே.)

"அல்லாஹ்வே! இந்த மனிசனுக்கு என்ன புடிச்சிருக்கு!"

ஜன்னல் வழியே வாளி வாளியாகத் தண்ணீர் வந்தது. பாதி என் தலையில், மீதி வானொலியில். வாளிக்காரர்களை அதட்ட வந்த பொலிஸ்காரர் என்னைக் கண்டு திகைத்து, "நான் சொல்றது, வா!" என்று அரைகுறைத் தமிழில் கட்டளையிட்ட பிறகுதான் வாசலைத் தாண்டினேன்.

ஊரடங்கு தளர்ந்ததும் அக்கா வந்தாள். நான் பெட்டியை அடுக்கினேன். தனியாக வாழத் தெரியாதவன் என்று முடிவாகிவிட்டதே என்று அழுகை வந்தது.

ராத்தா பெட்டியைப் பிடுங்கினார். "இவர் எங்கயும் போகத் தேவல்ல. பருப்ப நான் ஆக்கித் தாரேன். எங்கட வீட்டுல ஒடஞ்சு கெடக்கிற ரேடியோ, அயன் எல்லாத்தயும் இவர் பாக்கட்டும்."

கல்யாணமாகும்வரை அங்கேதான் இருந்தேன்.

பல வருடங்களுக்குப் பிறகு ஒரு டொக்டர் என்னைப் பரிசோதித்துவிட்டு, "இவருக்கு ஆட்டிசம். அதிலும் இவர் உயர் செயல்திறன் வகை," என்றார். பக்கத்துக் கதிரையில் இருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"அடுப்படியையும் சேர்த்தோ சொல்லுறியள், டொக்டர்?"

இன்றைக்கும் நான் எந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு வந்தாலும் வீட்டில் முதலில் எழும் கேள்வி அதுதான். என் பதிலும் இன்னும் மாறவில்லை: "அடுப்படி நீங்கலாக."