சும்மா கிடந்த நீல ஓட்டை

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் நாளைக் காலை என் பல் செட்டு வாய்க்குள் போகாமல் போகட்டும். கெடிலத்தில் தண்ணீர் ஓடுவது எவ்வளவு நிஜமோ அவ்வளவு நிஜம் இது. வருஷத்தில் பத்து மாதம் அங்கே மணல்தானே ஓடுகிறது என்று குறுக்கே பேசக் கூடாது.

எங்கள் மஞ்சக்குப்பத்தில் கலியமூர்த்தி என்று ஒருவர். ரிட்டயர் ஆன டிராயிங் மாஸ்டர். வயது அறுபது, தலைமுடிக்கு மட்டும் இருபத்தைந்து. பேனா இல்லாமல் வெளியே போவார், சீப்பு இல்லாமல் போக மாட்டார். சில்வர் பீச் காற்றுகூட அந்தக் கிராப்பை அனுமதி கேட்டுத்தான் கலைக்கும்.

அவர் ஒரு சபதம் எடுத்தார். இந்த வருஷம் புது லேப்டாப் வாங்கியே தீருவது. பழையதற்குப் பதினோரு வயது. ஆன் செய்துவிட்டுக் குளித்து, சாமி கும்பிட்டு, நாலு இட்லி தின்றுவிட்டு வந்தால் அப்போதுதான் கண் விழிக்கும். ஆனால் வீட்டம்மா ஜெயராணியின் தீர்ப்பு ஒரே வரி.

"ஓடுறத எதுக்குங்க தூக்கிப் போடணும்?"

இப்படி இருக்கையில் லேப்டாப் உள்ளேயிருந்து 'டிக், டிக்' என்று பல்லி மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. ஜெயராணி கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். லேப்டாப்புக்குள்தான் அவர்களுடைய கல்யாண வீடியோ இருக்கிறது. திருவந்திபுரம் மலையில் நடந்த கல்யாணம். கேசட் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. அந்த வீடியோவில் ஜெயராணியின் அப்பா வெற்றிலை வாயோடு திரும்பி, "இன்னா மாப்ள, சாப்ட்டீங்களா?" என்று கேட்பார். அடுத்த ஆடியில் அவர் போய்ச் சேர்ந்தார். அந்தக் குரல் உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

"மொதல்ல அத வேற எதுலயாவது ஏத்துங்க."

கலியமூர்த்தி மூளையில் மணி அடித்தது. கடைக்கு ஓடினார். இருப்பதிலேயே வேகமான டிரைவ் ஒன்றை வாங்கி வந்தார். பண்ருட்டி முந்திரி கேக் அளவுதான் இருந்தது.

லேப்டாப்பில் டிரைவ் சொருக வலது பக்கம் இரண்டு கருப்பு ஓட்டை, இடது பக்கம் ஒரு நீல ஓட்டை. நீலம் வேகம். கருப்பு, நெல்லிக்குப்பம் ரோட்டில் கரும்பு டிராக்டர். எவ்வளவு வேகமான பஸ்ஸாக இருந்தாலும் பின்னாலேயே உருள வேண்டியதுதான். இது மாஸ்டருக்குத் தெரியும். தெரிந்தேதான் கருப்பில் சொருகினார்.

ஜெயராணி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, வேகமான டிரைவுன்னீங்க. நாலு மணி நேரம்னு காட்டுது?"

"டிரைவு வேகந்தான் ஜெயா. லேப்டாப்பு கெழம். குதிரையக் கொண்டாந்து கட்ட வண்டியில பூட்டுனா?"

"இந்தாண்ட நீல ஓட்ட ஒண்ணு சும்மா கெடக்குதே?"

"அது... போன் சார்ஜ் போடுறதுக்கு."

"ஓஹோ" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அந்த 'ஓஹோ'வை அவர் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அந்தச் சொல் சும்மா வந்ததே இல்லை.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. பழசைக் காலி பண்ணிவிட்டால் தூக்கிப் போடச் சுலபம் என்று, காப்பி எடுக்காமல் எல்லாவற்றையும் வெட்டி டிரைவில் ஒட்டிக்கொண்டிருந்தார். பாதியில், லேப்டாப் தாங்கவில்லை என்று காட்டுவதற்காக வயரை வெடுக்கென்று பிடுங்கினார். திரும்பச் சொருகினால் டிரைவ் திருதிருவென்று முழிக்கிறது. 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டது. பதற்றத்தில் கை 'சரி'யை அழுத்திவிட்டது.

ஃபார்மட் என்றால் துடைத்துப் போடுவது என்று துடைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. டிரைவ் காலி. லேப்டாப்பிலும் வீடியோ இல்லை. மாமனார் இரண்டாவது தடவை செத்துப் போனார். இந்தத் தடவை மாப்பிள்ளை கையால்.

"ஏங்க, ஞாயித்துக்கெழம அப்பா நெனவு நாளு. அந்த வீடியோவப் போட்டுக் காட்டுங்க. கொரலக் கேட்டு எவ்ளோ நாளாச்சு" என்றாள் ஜெயராணி, மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே.

கலியமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. பெண் கொடுத்த மனுஷன். சாப்பிட்டீங்களா என்பதைத் தவிர வேறு கேள்வி கேட்டதே இல்லை. ஒரு புது லேப்டாப் ஆசைக்கு அவர் குரலை அழித்தாயிற்றே என்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் "சர்வீசுக்கு" என்று சொல்லி லேப்டாப்பையும் டிரைவையும் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார். அங்கே ஜெயராணியின் தங்கை மகள் சுவேதா, கம்ப்யூட்டர் படிக்கிற பெண்.

"பெரிம்மாவுக்குத் தெரியாமப் பாத்துக் குடும்மா. தெரிஞ்சா என்னய உப்புக்கண்டம் போட்ருவா."

சுவேதா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ரொம்பக் கஷ்டம் பெரியப்பா. ரெண்டையும் வுட்டுட்டுப் போங்க, ஞாயித்துக்கெழம கொண்டாறேன். எதுக்கும் சாமியையும் வேண்டிக்குங்க."

திரும்பும் பஸ்ஸிலேயே வேண்டிக்கொண்டார். தேவநாதப் பெருமாளே, வீடியோ கிடைத்தால் மொட்டை. ஊரில் எல்லோரும் காரியம் நடந்த பிறகுதான் காணிக்கை செலுத்துவார்கள். மாஸ்டருக்குப் பொறுமை இல்லை. முன்கூட்டியே செலுத்தினால் பெருமாள் தட்ட முடியாதல்லவா? சனிக்கிழமை திருவந்திபுரத்தில் தலையைக் கொடுத்தார். விழுந்த முடியைப் பார்த்து, மொட்டை அடித்துக்கொண்டிருந்தவரே "நல்ல முடி சார்" என்று ஒரு நிமிஷம் கத்தியை நிறுத்தினாராம்.

ஞாயிற்றுக்கிழமை சுவேதா வந்தாள். ஜெயராணி லேப்டாப்பை வாங்கி மேஜையில் வைத்தாள். கலியமூர்த்தி பொறுக்க மாட்டாமல், "ஜெயா, ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று எல்லாவற்றையும் கொட்டினார். அவள் காதில் வாங்காமல் டிரைவை எடுத்து நேரே நீல ஓட்டையில் சொருகி லேப்டாப்பை ஆன் செய்தாள். அவர் ஒரு தடவை தும்முவதற்குள் திரை விழித்தது.

"இன்னா மாப்ள, சாப்ட்டீங்களா?"

கலியமூர்த்தி குழந்தை மாதிரி அழுதார். "பெருமாளே! கெடச்சிருச்சே!"

"தொலஞ்சாத்தான கெடைக்கறதுக்கு. 'டிக் டிக்'குன்னு சத்தம் கேட்ட அன்னிக்கே நீங்க கடைக்குப் போன நேரத்துல சுவேதாவப் போன்ல கூப்ட்டு, அவ சொல்லச் சொல்ல என் போன்ல ஒரு காப்பி எடுத்து வெச்சிட்டேன். அதத்தான் அவ இதுல ஏத்திக் கொண்டாந்திருக்கா."

"அடிப்பாவி! அப்ப எனக்கு ஏன் சொல்லல?"

"நீல ஓட்டையப் பத்தி நீங்க எனக்குச் சொன்னீங்களா?"

மாஸ்டர் மொட்டையைத் தடவிக்கொண்டார்.

"லேப்டாப்ப இந்த டிரைவுலேருந்தே ஓடற மாதிரி பண்ணிட்டேன் பெரியப்பா" என்றாள் சுவேதா. "இன்னும் அஞ்சு வருஷத்துக்குப் புதுசு வாணாம்."

திரையில் மாப்பிள்ளைக் கோலத்தில், அடர்த்தியான கிராப்போடு கலியமூர்த்தி சிரித்துக்கொண்டிருந்தார். ஜெயராணி அதைப் பார்த்தாள். பளபளவென்றிருந்த இவரையும் பார்த்தாள்.

"எங்கப்பா இப்ப இருந்தா, யாரும்மா இந்தப் பெரியவரு, சாப்ட்டாரான்னு கேட்டிருப்பாரு."

மாஸ்டரைத் தெருவில் பார்த்தால், வெயிலுக்காக மொட்டை என்பார். நம்பின மாதிரித் தலையாட்டிவிடுங்கள். கையை மட்டும் பார்க்காதீர்கள், அது இன்னமும் சட்டைப் பையில் சீப்பைத் தேடும். கதை எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் சிதம்பரம் பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்கள் என்று சொல்லுங்கள். என் பேரை எடுத்துவிடாதீர்கள். மாஸ்டருக்குத் தெரிந்தால்கூடப் பரவாயில்லை. அந்தம்மா காதில் விழுந்து, "ஓஹோ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், நான் எங்கே போவேன்?