ஆட்டு ஜாடையில் ஒரு நாயும் டெரியர் மாமாவும்

மந்தைவெளியிலிருந்து அடையாறு வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், தன் நாயை ஆடு என்று சொன்னதற்காக ஒரு தெருவையே தள்ளி வைத்த மனுஷன் ஒருத்தர்தான் கிடைப்பார். எங்கள் டெரியர் மாமா. அவருக்கு நிஜப் பேர் ஒன்று இருந்தது. ரேஷன் கடைக்காரருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். பால்காரர் ஒருநாள் "இன்னா மாமா, ஆடு சௌக்கியமா கீதா?" என்றார். மறுநாளே மாமா பாக்கெட் பாலுக்கு மாறினார். இஸ்திரிக்காரரும் அதையே கேட்டார். மாமா கசங்கின சட்டையோடு கல்யாணத்துக்குப் போனார். கொள்கை என்றால் அப்படி இருக்கணும்.

என்னைப் பற்றிப் புதுசாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நானே டிசி கொடுத்து அனுப்பினவன். ஊரான் கடையில் முடி பெருக்கி ஆரம்பித்தேன். இன்றைக்கு மந்தைவெளியில் ஒன்று, தி.நகரில் ஒன்று, அடையாறில் ஏசி போட்டு ஒன்று என்று மூணு சலூன். ஜட்ஜு தலை, டாக்டர் தலை எல்லாம் என் கைக்குக் குனிந்திருக்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை. உண்மையே பெருமையாக அமைந்துவிட்டால் நான் என்ன செய்ய?

அந்த மந்தைவெளிக் கடைக்கு ஒருநாள் மாமா வந்தார். கையில் துண்டு சுற்றின மூட்டை. "ஓய், முடி வெட்டணும்" என்றார். அவர் தலையைப் பார்த்தேன். இளநீர் மாதிரி பளபளவென்று இருந்தது.

"எங்க மாமா வெட்ட?"

"எனக்கில்லை ஓய். இவனுக்கு."

துண்டை விலக்கினார். பேரிக்காய் மாதிரி நீண்ட தலை. நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவில் பள்ளம் என்கிற பேச்சே இல்லை, ஒரே சரிவு. உச்சியிலிருந்து மூக்கு வரைக்கும் வெள்ளைப் பஞ்சு. தொங்குகிற காதின் நுனியில் குஞ்சம். முதுகு பாலம் மாதிரி வளைந்திருந்தது. 'ஆட்டுக்குட்டி' என்று சொல்லத் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் நல்ல தொழில்காரனுக்குக் கை எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு நாக்கு அடங்கவும் தெரியணும்.

"ஒசத்தியான நாயா இருக்கே மாமா" என்றேன்.

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த ஊர்ல பார்த்த உடனே நாய்னு சொன்ன முதல் ஆள் நீர்தான்!"

அன்றிலிருந்து அவர் என் ஆள். நாயின் பேர் அம்பி. ஜாதி பெட்லிங்டன் டெரியர். இந்தியாவில் விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பார் மாமா. நான் கத்தரியைப் பிடிக்கும்போதெல்லாம் சரித்திரம் ஓடும். "இங்கிலாந்துக்கு வடக்குக் கோடியில நிலக்கரிச் சுரங்கத்து ஆளுங்க வளர்த்த ஜாதி ஓய். வாரம் பூரா எலி பிடிக்கும், லீவு நாள்ல ரேஸ் ஓடும். பார்க்கத்தான் ஆட்டுக்குட்டி, உள்ளே சிங்கக்குட்டி!" ஆட்டுக்குட்டி என்று அவரே சொல்லலாம், வேறு யாரும் சொல்லக் கூடாது.

குட்டியாகப் பெங்களூரிலிருந்து வந்தபோது அம்பி கரிக்கட்டை நிறமாம். வளர வளர வெளுத்திருக்கிறது. "ஐயரை நல்லா ஏமாத்திட்டானுங்க, நாய்க்கு சாயம் போவுது" என்று தெரு சிரித்தது. அந்த ஜாதியே அப்படித்தான் வெளுக்கும் என்று மாமா வீடு வீடாகப் போய் விளக்கினார். கேட்காதவர்களுக்கும் விளக்கினார்.

இன்னொரு சங்கதி. இந்த ஜாதி நாய்க்கு ஈரலில் செம்பு தங்கி உயிருக்கே வினையாகுமாம். டாக்டர் சாப்பாட்டில்தான் கவனம் வைக்கச் சொன்னார். மாமா வீட்டையே கவனித்துவிட்டார். ஆத்துல செம்புச் சொம்பு, தவலை எல்லாம் வெளியே போச்சு. சந்தியாவந்தனத்துக்குக்கூட எவர்சில்வர் பஞ்சபாத்திரம். "பகவான் கோச்சுக்க மாட்டாரா மாமா?" என்றேன். "அவருக்கு ஈரல் நன்னா இருக்கு ஓய்" என்றார்.

அம்பிக்கு முடி கொட்டாது. நம்மைப் போல வளர்ந்துகொண்டே போகும். தினமும் சீவணும், ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒருதரம் வெட்டணும். கடை திறக்கும் முன்னே பின்பக்கக் குழாயடியில் வைத்து, தனிக் கத்தரி, தனிச் சீப்பு போட்டு நானே வெட்டுவேன்.

அப்படி ஒரு ஆடி ஞாயிறு. குளிப்பாட்டி, சீவி, வெட்டி முடித்தால் காலண்டரில் அச்சடிக்கலாம் போல நின்றான் அம்பி. அந்த நேரம் பார்த்துச் சாக்கடையிலிருந்து ஒரு பெருச்சாளி எட்டிப் பார்த்தது. சுரங்கத்து ரத்தம் சும்மா இருக்குமா? மாமா கையிலிருந்த வாரை உருவிக்கொண்டு பறந்தான். நாங்கள் தெருமுனைக்கு வருவதற்குள் ஆள் கால்வாய்ப் பக்கம் மறைந்துவிட்டான்.

அங்கே ஒரு அம்மன் கோயில். ஆடிக்கூழ், பம்பை, உடுக்கை, ஒரே கூட்டம். பூக்காரி செல்வி நேர்ந்துவிட்ட வெள்ளைக் கிடாக்குட்டி பம்பைச் சத்தத்தில் மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. நாலு பேர் நாலு பக்கம் தேடப் போயிருக்கிறார்கள். அதில் ஒருத்தன் கையில் அம்பி மாட்டினான். "கெடச்சிட்ச்சுக்கா!" என்று தூக்கி வந்து நிறுத்திவிட்டான். கழுத்து நிறைய வேப்பிலை மாலை. குஞ்சம் வைத்த காது அதற்குள் போய்விட்டது. அப்புறம் எந்தக் கண்ணுக்கு நாய் தெரியும்? நான் வெட்டின வெட்டு வேறு அவ்வளவு நேர்த்தி.

மஞ்சத்தண்ணி ஊற்றி, ஆடு உடம்பை உதறினால் ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். சில ஆடு அரைமணி நேரம் கல்லு மாதிரி நின்று பூசாரியை அழவைக்கும். நனைந்த நாய்க்கு உதறச் சொல்லித்தரணுமா? முதல் சொம்புக்கே மூக்கிலிருந்து வால் வரைக்கும் உதறினான் அம்பி. முன்வரிசை முழுக்க மஞ்சள். குலவை வானத்தைத் தொட்டது. கத்தியோடு ஒருத்தர் முன்னால் வந்தார். அந்த நிமிஷம்தான் நாங்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சேர்ந்தோம்.

"நிறுத்துங்கோ! அது நாய்!" என்று மாமா அலறினார்.

"இன்னா சாமி, ஆட்டைப் பாத்து நாயின்ற?" என்றான் கயிறு பிடித்தவன்.

"ஆத்தாளே தலையாட்டிட்டா, நடுவுல நீ யாருய்யா?" என்றாள் செல்வி.

எனக்கு அந்தப் பக்கமெல்லாம் பெரிய மரியாதை உண்டு. அது நாய்தான் என்று ஓங்கிச் சொன்னேன். பம்பைச் சத்தத்தில் என் மரியாதை ஒருத்தர் காதிலும் விழவில்லை.

"நாயின்னா குலைக்கச் சொல்லு, பாப்போம்" என்றான் கயிற்றுக்காரன்.

"அம்பி, குலைடா! குலைடா கண்ணா!"

அம்பி பயத்தில் உறைந்து நின்றான். போதாததற்கு மாலையிலிருந்து ஒரு வேப்பங்கொழுந்தை எடுத்து மென்றான். "பாத்தியா, தழை துன்னுது!" என்று கூட்டம் கொக்கரித்தது. கத்திக்காரர் இன்னும் ஒரு அடி வைத்தார்.

மாமா என்னைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார். பஞ்சகச்சத்தை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு மஞ்சள் சேற்றில் நாலு காலில் இறங்கினார். தலையைத் தூக்கி, "லொள்!" என்றார்.

பம்பை நின்றது. உடுக்கை நின்றது. மாமா நிற்கவில்லை. "லொள்! லொள்! லொள்!" கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் வழிய, நாயைப் பார்த்தபடி குரைத்துக்கொண்டே தவழ்ந்தார். அம்பி தலையைச் சாய்த்து அவரையே பார்த்தான். வாயிலிருந்து தழை விழுந்தது. அப்புறம் குரைத்தான் பாருங்கள், பூசாரி கையிலிருந்த சொம்பு உருண்டு ஓடிப்போச்சு.

"அய்ய, ஆத்தா!" செல்வி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நாயைக் கொண்டாந்து நிறுத்திட்டனே, மன்னிச்சுக்கோ தாயே!" அடுத்த நிமிஷம் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் கூட்டமே சிரித்தது. அம்பியின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். மாமாவைத் தூக்கி நிறுத்தி ஒரு சொம்பு கூழை நீட்டினாள். "குடி சாமி. தொண்டை வறண்டு பூட்டிருக்கும்."

வெளியில் பச்சைத் தண்ணிகூடத் தொடாத மனுஷன் மடமடவென்று குடித்தார்.

அம்பியை மார்போடு அணைத்துக்கொண்டு என் கடை வரைக்கும் நடந்தார். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்ததும் அம்பியின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நாயை இறக்கிவிடச் சொன்னால் கேட்கவில்லை. வாசலில் நாலைந்து பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். "அண்ணே, வெய்ட்டிங்ல ஆளு கீது, பெரியவரை எழுப்பவா?" என்றான் கடைப் பையன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷட்டரை இறக்கின சலூன்காரனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் இறக்கினேன்.