வலது கை நகம்

“அந்த சாருக்கு ஆபீஸ் ஒண்ணு, வீடு ஒண்ணு. நடுவுல ஒண்ணுமே கிடையாது.”

சொன்னது, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்து, மாட்டிக்கொண்ட தாளை இழுத்துக்கொண்டிருந்த இழப்பீட்டு அதிகாரிக்குக் குரல் மட்டும்தான் கேட்டது. அந்தத் தளத்தில் ‘அந்த சார்’ என்றால் அது தான்தான் என்று அவருக்குத் தெரியும். மற்ற எல்லோருக்கும் பட்டப்பெயர் இருந்தது.

காப்பீட்டு நிறுவனத்தில் அவருடைய வேலை, இடிபட்ட கார்களுக்கு இழப்பீடு கேட்டு வரும் மனுக்களைப் படித்து, எதில் என்ன குறை என்று கண்டுபிடிப்பது. குறை இல்லாத மனுவை அவர் பார்த்ததே இல்லை. மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அவள் கற்றுக்கொடுத்து அனுப்ப, அவர்கள் எங்காவது இடித்துவிட்டு வர, இவர் இல்லை என்று சொல்ல, குடும்பம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம், ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவே நிஜமாகவே ஒன்றும் இல்லையா என்று பார்த்துக்கொண்டே நடந்தார். இருந்தது. ஒரு செருப்புக் கடை, ஒரு பல் மருத்துவர், ஓர் இசைக்கருவிக் கடை. காலில் செருப்பு இருந்தது. வாயில் பல்லும் இருந்தது. மூன்றாவதற்குள் நுழைந்தார்.

வெளியே வந்தபோது முதுகில் கிட்டார் இருந்தது.

“என்னங்க இது?”

“கிட்டார்.”

“அது தெரியுது. யாரோடது?”

“என்னோடதுதான்.”

மனைவி பையைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்தாள். புது மாணவர் கொண்டுவரும் பழைய காரை அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

“போன வருஷம் நீச்சல் கண்ணாடி வாங்கினீங்க.”

“அதுக்கென்ன இப்போ?”

“ஒண்ணுமில்ல. வெங்காயம் நறுக்கறப்ப நான் போட்டுக்கறேன், நல்லா இருக்கு. இதை எதுக்கு வச்சுக்கலாம்னு பாக்கறேன்.”

அவர் கோபப்படவில்லை. பெரிய முடிவு எடுத்தவர்கள் சின்ன விஷயத்துக்குக் கோபப்படுவதில்லை. “இது சும்மா வரட்டு வரட்டுன்னு தேய்க்கற கிட்டார் இல்ல. விரலால வாசிக்கறது. கட்டை விரல் ஒரு பக்கம் தாளத்தைப் பாத்துக்கும், மத்த விரல் எல்லாம் மெட்டைப் பாத்துக்கும். ஒரே ஆள், ரெண்டு பேர் வேலை.”

“நான் செய்யற மாதிரி.”

“கேளு முதல்ல. இதுக்கு வலது கையில நகம் வளர்க்கணும். கடைக்காரரே சொன்னாரு.”

“வளருங்க. யார் வேண்டாம்னா?”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்த வீட்டில் சமையல் அவள் பொறுப்பு, பாத்திரம் அவர் பொறுப்பு. கல்யாணம் ஆன புதிதில், காதல் கண்ணை மறைத்திருந்த நேரத்தில், அவரே போட்ட ஒப்பந்தம் அது.

“சோப்புத் தண்ணில நகம் ஊறிடும். அப்புறம் அந்தக் கம்பி நார் வேற. ஒரு தேய் தேய்ச்சா போச்சு, நகம் பிளந்துடும்.”

மனைவி அவருடைய கையைப் பார்த்தாள். பிறகு தொட்டியில் கிடந்த பாத்திரங்களைப் பார்த்தாள். பிறகு கிட்டாரைப் பார்த்தாள்.

“எவ்வளவு நாளைக்கு?”

“வாத்தியார் கிடைக்கற வரைக்கும். அப்புறம் அவர் என்ன சொல்றாரோ அதுதான் சட்டம். இந்த விஷயத்துல நான் மூச்சு விட மாட்டேன்.”

“வாத்தியார் சொல்றதுதான் சட்டம்?”

“ஆமாம்.”

“சரி,” என்று சொல்லி அவள் கையை நனைத்துக்கொண்டாள்.

முதல் வாத்தியார் ஒரு கல்லூரி மாணவன். மாடி அறையில் வகுப்பு. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அதிகாரியின் இடுப்பு உயரம் இருந்தார்கள், நாற்காலிகளும் அவர்களுக்கேற்ற உயரம். அவர் உட்கார்ந்தபோது முழங்கால் தாடைக்கு வந்தது. கிட்டார் வைக்க மடியே இல்லை. “அங்கிளுக்கு இடம் விடுங்க” என்று ஒரு வாண்டு சொன்னது. அங்கேயே அந்த வாத்தியாரைக் கைகழுவினார்.

அடுத்தவர் வயதானவர், மிகவும் மரியாதையானவர். போனதும் உட்கார வைத்துத் தன் முதல் கச்சேரியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அடுத்த வாரம் போனபோதும் அதே கச்சேரிதான் நடந்துகொண்டிருந்தது. கிட்டார் பையை விட்டு வெளியே வரவே இல்லை.

இன்னொருவர் வெளியூரிலிருந்து வீடியோ காலில் சொல்லிக்கொடுத்தார். அவர் விரல் ஓரிடத்தில் நிற்க, குரல் வேறோர் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. “கவனிச்சீங்களா?” என்று கேட்பார். அப்போது திரையில் அவர் வாயைத் திறந்தபடி உறைந்திருப்பார்.

கடைசியாகப் போய்ப் பார்த்தவர் அபாரமாக வாசித்தார். அவருடைய கட்டை விரல் கடிகாரம் மாதிரி நடந்தது, மற்ற விரல்கள் அதன் மேல் விளையாடின. அதிகாரிக்குப் புல்லரித்துவிட்டது. அப்போது வாத்தியார் சொன்னார்: “தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி பண்ணணும். ஒரு நாள் விட்டாலும் நான் கண்டுபிடிச்சுடுவேன்.”

“எப்படி இருந்தாரு?” என்று மனைவி கேட்டாள். அவள் வாணலியின் அடியோடு போராடிக்கொண்டிருந்தாள்.

“பிரமாதமா வாசிக்கறாரு.”

“அப்போ சேர்ந்துட்டீங்க.”

“இல்ல. அவ்வளவு பெரிய ஆளுக்கு என்னை மாதிரி ஆளோட கஷ்டம் புரியாது.”

மனைவி வாணலியைக் கவிழ்த்து வைத்தாள். “என்கிட்டயும் இப்படி வருவாங்க. கிளச் இறுக்கம்பாங்க, சீட்டு உயரம்பாங்க, சொல்லித்தர்றவங்க சரியில்லைம்பாங்க. எல்லாத்தையும் மாத்திக் கொடுத்தா கடைசில பாத்தா, ரோட்டைக் கண்டாதான் பயம்.”

“எனக்கென்ன பயம்?”

“நான் உங்களைச் சொன்னேனா?”

அவர் விரல் நுனிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

இதற்கிடையில் நகங்கள் வளர்ந்தன. வாத்தியார்தான் கிடைக்கவில்லையே தவிர, நகம் விஷயத்தில் அவர் அபார முன்னேற்றம் காட்டினார். மனைவியின் நக அரத்தை எடுத்து ஓரம் தீட்டினார். மினுமினுப்பான ஏதோ ஒன்றைப் பூசி ஊதி ஊதி உலர்த்தினார். பிஸ்கட் பொட்டலத்தை இடது கையாலும் பல்லாலும் பிரித்தார். பேருந்தில் வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஓர் அம்மாள் எழுந்து இடம் கொடுத்தாள்.

ஆபீசிலும் பலன் இருந்தது. ஜெராக்ஸ் பக்கம் அந்தப் புதுப் பெண் அவருடைய கையைக் கவனித்துவிட்டாள்.

“சார், கிட்டார் வாசிப்பீங்களா?”

“விரல் வாசிப்பு,” என்றார் அவர், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. “நல்ல வாத்தியார் தேடிக்கிட்டிருக்கேன். கிடைக்கறது கஷ்டம்.”

“சொல்லவே இல்லையே சார்!”

அந்த வாரம் முழுக்க அவர் லிப்டில் ஏறாமல் படியிலேயே போய்வந்தார். உண்மையைச் சொன்னால், கிட்டார் வாசிப்பதால் கிடைக்கக்கூடிய எல்லாமே அவருக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது, பாத்திரத் தொட்டியிலிருந்து விடுதலை உட்பட. மீதி இருந்தது கிட்டார் வாசிப்பது மட்டும்தான். தேடல் இப்படியே நீண்டால் போதும். கிட்டார் கூடத்து மூலையில் பைக்குள் நின்றது. மனைவி வாரம் ஒரு தடவை தூசி தட்டினாள்.

ஒரு நாள் சாயங்காலம் அவர் காபியோடு சமையலறை வாசலில் சாய்ந்து நின்றிருந்தபோது, அவள் குக்கரைத் தேய்த்தபடியே கேட்டாள்.

“அப்படி என்னதான் வாத்தியார் வேணும் உங்களுக்கு?”

கேட்ட விதத்தில் ஒரு வஞ்சகமும் இல்லை. சொல்லித்தருகிற காரில் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவருக்கு அது நினைவில் இருக்காது. வண்டி நின்ற பிறகுதான் தெரியும்.

“கஷ்டம்,” என்றார். “முதல்ல, வீட்டுக்கே வந்து சொல்லித் தரணும். அந்தக் குட்டி நாற்காலி எல்லாம் ஆகாது.”

“ம். வேற?”

“சொந்தக் கதை பேசக் கூடாது.”

“நியாயம். வேற?”

“பரிட்சை, பட்டம், மேடைன்னு விரட்டக் கூடாது. பொறுமை வேணும். பக்கத்துலயே இருந்தா நல்லது. அப்புறம் முக்கியமா...” அவர் கொஞ்சம் யோசித்தார். இப்படி ஓர் ஆள் இந்தப் பூமியில் இருக்க முடியாதபடி ஒரு முடிச்சு போட வேண்டும். “முக்கியமா, அவரும் சின்ன வயசுல ஆரம்பிச்சிருக்கக் கூடாது. இந்த வயசுல கத்துக்கறதும் தப்பு பண்றதும் எவ்வளவு அவமானம்னு அவருக்கே பட்டுத் தெரிஞ்சிருக்கணும்.”

“வேற ஏதாவது? இப்பவே சொல்லிடுங்க.”

“அவ்வளவுதான். நான் என்ன, பெருசா கேக்கறேன்?”

“ஒண்ணும் பெருசா இல்ல,” என்றபடி அவள் குக்கரை அலசினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு பின்னால் போகும் சத்தம். மறுபடி முன்னால். மறுபடி பின்னால். அதிகாரி எட்டிப் பார்த்தார். மனைவியின் பயிற்சிக் கார் கேட்டுக்குக் குறுக்காக, பாதி நடைபாதை மேல் ஏறி நின்றிருந்தது. ஓட்டுநர் பக்கத்திலிருந்து இறங்கிய பெண்மணிக்கு மனைவியின் வயதுதான் இருக்கும். முகமெல்லாம் வேர்த்திருந்தது. பின் சீட்டைத் திறந்து ஒரு கிட்டார் பையை எடுத்தார்.

“இவங்க என் ஸ்டூடண்ட்,” என்றாள் மனைவி. “அடுத்த தெருதான். சிக்னல்ல நின்னா ஸ்டியரிங்கில அஞ்சு விரலும் தனித்தனியா தாளம் போடும். என்னன்னு கேட்டேன். விரல் கிட்டார் டீச்சராம்.”

“வணக்கம் சார். நான் நாப்பதுக்கு மேலதான் கிட்டாரைத் தொட்டேன்,” என்றார் அந்தப் பெண்மணி. “பெரியவங்களுக்கு மட்டும் வீட்டுக்குப் போய்ச் சொல்லித் தரேன். பரிட்சை எல்லாம் கிடையாது. பரிட்சைன்னாலே எனக்கு ஆகாது. டிரைவிங் டெஸ்ட்ல மறுபடி மறுபடி பெயிலாகிக்கிட்டிருக்கேன். போன தடவை பரிசோதகர் கண்ணை மூடிக்கிட்டார் சார்.”

“சொந்தக் கதை...” என்று அதிகாரி ஆரம்பித்தார்.

“மன்னிச்சுக்கங்க. இதோட நிறுத்திக்கறேன்.” நிறுத்தியும்விட்டார்.

அதிகாரி இத்தனை வருட அனுபவத்தையும் கூட்டி, அந்தப் பெண்மணியை மேலிருந்து கீழ் வரை ஒரு மனுவைப் போலப் படித்தார். திருப்பிப் படித்தார். வாழ்க்கையில் முதல் முறையாக, எல்லாம் சரியாக இருந்த ஒரு மனு அவர் முன்னால் நின்றது.

வேறு வழியில்லாமல் தன் ஒரே தகுதியை நீட்டினார். ஆசிரியை அவருடைய வலது கையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“ரொம்ப அழகா வளர்த்திருக்கீங்க சார்.”

“முயற்சிதான்,” என்றார் அவர்.

“வெட்டிடுங்க.”

வண்டி நின்றது.

“கடைக்காரர் நகம் வேணும்னு...”

“அவரு கிட்டார் விக்கிறவரு சார். நகத்துல வாசிக்கறவங்க இருக்காங்க, நான் விரல் சதைலதான் வாசிக்கறேன். ஆரம்பிக்கறவங்களுக்கு இதுதான் நல்லது. கம்பி எங்க இருக்குன்னு விரலுக்கே தெரியணும் இல்லையா?”

மூலையிலிருந்த பையைத் திறந்து, சுருதி சேர்த்து, வாசித்துக் காட்டினார். நகமே இல்லாத விரல்கள். கட்டை விரல் அவசரமில்லாமல் கீழே நடக்க, மேலே ஒரு சின்ன மெட்டு, யாரோ அடுத்த அறையில் தனக்குத்தானே பாடிக்கொள்வதுபோல எழுந்தது. அத்தனை நாள் மூலையில் நின்ற பொருளுக்குள் இது இருந்ததா என்று அதிகாரி பேந்தப் பேந்த விழித்தார். ஒரு கணம் பாத்திரம்கூட மறந்துபோனது. அடுத்த கணம் நினைவு வந்தது.

“மேடம், சதையில வாசிச்சா இன்னும் கவனமா இருக்கணுமே? தண்ணில ஊறினா தோல் மெத்துன்னு ஆயிடும். பாத்திரம் எல்லாம் கழுவலாமா?”

கேட்கும்போதே அவர் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஆசிரியை யோசித்தார். மனைவி சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“நல்ல கேள்வி சார். கை ஊறியிருக்கறப்ப வாசிக்காதீங்க. அதனால, தினமும் சாப்பாட்டுக்கு முன்னாடி வாசிச்சுடுங்க.”

“சரி...”

“சாப்பிட்டப்புறம் எவ்வளவு வேணா கழுவுங்க. நான் அப்படித்தான்.”

மனைவி உள்ளே போய் நகவெட்டியோடு வந்தாள். அதை அவருக்குப் பக்கத்தில், ஒரு பழைய செய்தித்தாளின் மேல் வைத்தாள். கார் சாவியை எடுத்துக்கொண்டாள்.

“வாங்க, நாம போய் ரிவர்ஸ் பழகலாம். சார் நகம் வெட்டட்டும். அடுத்த வாரம் கிளாஸ்.” வாசல் படியில் நின்று திரும்பினாள். “ஏங்க, காலைல இருந்து குக்கரை ஊறப் போட்டிருக்கேன்.”

கார் பின்னால் போனது. முன்னால் வந்தது. கேட்டில் லேசாக ஏதோ உரசியது. பிறகு தெருமுனையில் சத்தம் அடங்கியது.

அவர் செய்தித்தாளை விரித்தார். கட்டை விரலில் தொடங்கி ஒவ்வொன்றாக வெட்டினார். கிட்டாரை மடியில் வைத்து, மொட்டை விரலால் அடிக் கம்பியை ஒரு முறை தட்டினார். அது அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு முறை தட்டினார். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய், சட்டைக் கையை மடித்துக்கொண்டு, குழாயைத் திறந்தார்.