கிழிசல் அண்ணாச்சி தடவிப் பார்த்த டெஸ்ட் மேட்ச் சீட்டு

அருப்புக்கோட்டையில் போலீஸுக்குப் பயப்படாதவன் உண்டு. கிழிசல் அண்ணாச்சிக்குப் பயப்படாதவன் அந்தக் காலத்தில் கிடையாது.

தொழில் பஞ்சுத் தரகு. ஒரு சிட்டிகைப் பஞ்சை இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் இழுத்துப் பார்த்தே எந்த ஊர்க் கரிசல், எத்தனாவது பறிப்பு என்று சொல்லிவிடுவார். அதே கையால் விளையாட்டுப் பந்தயங்களின் பழைய நுழைவுச் சீட்டுகளையும் தரம் பிரிக்க ஆரம்பித்ததுதான் வினை. மைதான வாசலில் கிழித்துத் தரும் பாதிச் சீட்டை அப்போதெல்லாம் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்போம். மெட்ராஸ் டெஸ்ட் மேட்ச் சீட்டு ஒன்றுக்கு மதுரை ஃபுட்பால் சீட்டு நாலு என்று அவர் சொன்னால் அதுதான் விலை. கிழியாத முழுச் சீட்டைத் திரும்பியும் பார்க்கமாட்டார். உள்ளே போகாத சீட்டுக்கு என்னய்யா மதிப்பு என்பார். பெயர் அப்படி வந்ததுதான்.

ஒருமுறை ஒரு தையல்காரர் ஃபுட்பால் சீட்டைப் பெருமையாக நீட்டினார். அண்ணாச்சி அதைப் புரட்டி வெயிலில் சாய்த்தார்.

"இது கீழ கெடந்து பெறக்குனது. செருப்பு மிதிச்ச மண்ணு ஒட்டியிருக்கு. நீரு போகல."

தையல்காரர் ஒரு வாரம் கடை திறக்கவில்லை.

நூல்கடையில் வேலை பார்த்த எனக்குப் பெண் பேசினார்கள். பெண்ணின் அப்பா கிரிக்கெட் பைத்தியம். ரேடியோவில் கேட்டதையெல்லாம் மெட்ராஸில் நேரில் பார்த்ததாக அளந்தேன். மனுஷர் சொக்கிப்போய்ச் சம்மதித்தார். சாட்சிக்கு, மெட்ராஸிலிருந்த சித்தப்பா மகனின் சீட்டை வாங்கிவைத்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? ஓரமெல்லாம் பிசிறு. நூல்கடைக்காரன் கை பிசிறைக் கண்டால் சும்மா இருக்குமா? கத்தரியால் நறுவிசாக வெட்டிவிட்டேன்.

நிச்சயத்தன்று சபையில் அண்ணாச்சியும் உட்கார்ந்திருந்தார். மாமனாராகப் போகிற மாமா, நான் கொடுத்திருந்த அந்தச் சீட்டை வெற்றிலைத் தட்டில் வைத்து அவரிடம் நீட்டினார்.

"என்ன தரம்னு சொல்லுங்க அண்ணாச்சி. ஃபிரேம் போட்டு மாட்டப் போறேன்."

 

அண்ணாச்சியின் கட்டைவிரல் ஓரத்தைத் தடவியது. நின்றது. திரும்பவும் தடவியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஓடினால் வாசல் எத்தனை எட்டு என்று நான் மனதுக்குள் அளந்துகொண்டிருந்தேன்.

"வாசல்ல கிழிச்ச பிசிறக் கத்தரிச்சுப்புட்டான், கிறுக்குப்பய. ஒத்தச் சடுகுடு சீட்டுக்குக்கூடத் தேறாது."

மாமாவின் முகம் சுருங்கியது. "அப்ப மாப்ள நேர்ல பாத்தது?"

அண்ணாச்சி சீட்டைத் தட்டில் கவிழ்த்து வைத்தார். "நேர்லதான் பாத்தாப்ல. நான் சொல்றேன்ல. தட்ட மாத்துங்க."

தட்டு மாறியது. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவரை மட்டும் காணோம். தேடிப் போனால், தெருமுனையில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். மூன்று குச்சி அணைந்துவிட்டது. காற்றுகூட இல்லையே அண்ணாச்சி என்றேன்.

"காத்தில்லலே. உள்ள போனவன் பிசிற வெட்டுவானாலே? தரம் பாக்க ஒக்காந்து இன்னைக்குத்தான் மொதப் பொய். கை நிக்க மாட்டேங்குது. ஒம் மாமனாரு மறுபடி கேட்டா நான் என்னலே சொல்லுவேன்?"

ஊரையே நடுங்கவைத்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, டீக்கடை வரைக்கும் மெதுவாக நடத்திக் கூட்டிப்போனேன்.