காலடி அண்ணை கழித்த இடங்கள்

அரசாங்கம் கொடுக்க வந்த மானியத்தை "இவ்வளவு வேண்டாம், குறையுங்கோ" என்று கெஞ்சிய ஒரே மனிதர், உலகத்திலேயே எங்கள் காலடி அண்ணையாகத்தான் இருக்க வேண்டும்.

2005ஐ ஒட்டிய ஆண்டுகள். ஜேர்மனியின் லைப்சிக் நகரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் எங்கள் கிராமம். இரண்டே தமிழ் வீடுகள். ஒன்று எங்களுடையது, மற்றது, ஒரு ஜேர்மன் விவசாயியின் பண்ணையில் வேலை செய்த அண்ணையுடையது. விளைச்சலுக்கு அல்ல, நிலத்தின் பரப்புக்கே மானியம் என்று சட்டம் மாறியிருந்தது. ஆண்டுதோறும் மே மாதத்தில் வயலின் படத்தோடு விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

படத்துக்காக அண்ணை வயலைக் காலடியால் அளப்பார். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால், உதட்டில் எண்ணிக்கை. யாராவது வணக்கம் சொன்னால் போச்சு. திரும்பவும் வரப்பிலிருந்து தொடங்குவார். மே மாதத்தில் ஊரே அவரைக் கண்டால் வாயை மூடிக்கொள்ளும்.

அளந்ததோடு விட்டாரா? பயிர் முளைக்காத இடத்தையெல்லாம் படத்தில் வட்டம் போட்டு, பரப்பிலிருந்து கழித்தார். தண்ணீர் தேங்கும் பள்ளம், கற்குவியல், பேரிக்காய் மரத்தடி. ஒருமுறை ஓர் எலி வளை.

"அண்ணை, எலி வளையையுமே?"

"ஏன் பிள்ளை, அதுக்குள்ளை சோளம் முளைக்குதே?"

"இவன் எனக்கு வேலை செய்கிறானா, அரசாங்கத்துக்கா?" என்று பண்ணைக்காரர் தலையில் கை வைப்பார். ஆனாலும் கையெழுத்துப் போடுவார்.

ஓர் ஆகஸ்டில், விவசாய அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி செயற்கைக்கோள் கருவியோடு சோதிக்க வந்தார். அண்ணையின் ஜேர்மன் மொழி மாடுகளுக்கு மட்டுமே விளங்கும். மொழிபெயர்க்க நான் போனேன், ஆறு வயது மகளோடு.

படத்தைப் பார்த்த அதிகாரிக்குச் சந்தேகம். "எல்லோரும் கூட்டித்தான் காட்டுவார்கள். இவர் குறைத்துக் காட்டுகிறார். எதை மறைக்கிறார்?"

"மறைக்கிறதெண்டால் ஏன் படத்திலை கீறுறன் எண்டு கேளுங்கோ பிள்ளை!"

இரண்டு பக்கமும் மொழிபெயர்த்து வியர்த்துத் திரும்பினேன். மகள் இல்லை. ஆளுயரச் சோளத்தின் ஓரத்தில் அவளுடைய தொப்பி கிடந்தது.

நான் அலறினேன். பண்ணைக்காரர் ஒரு பக்கம் ஓடினார். அதிகாரி கருவியோடு இன்னொரு பக்கம் ஓடினார். அது அவர் நிற்கும் இடத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

"கத்தாதேங்கோ, எண்ணிக்கை பிழைச்சிடும்," என்றார் அண்ணை. "சோளத்துக்குள்ளை போன பிள்ளை வெளிச்சம் கண்ட இடத்திலைதான் நிக்கும். உள்ளுக்கை வெளிச்சம் மூண்டே மூண்டு இடத்திலை."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எண்ணியபடி உள்ளே போனார். எண்ணிக்கை தவறிவிடுமோ என்று மூச்சுவிடவும் பயந்து நான் பின்னால் போனேன். பள்ளத்தில் இல்லை. கற்குவியலில் இல்லை. பேரிக்காய் மரத்தடியில் சம்மணமிட்டு இருந்தாள், கையில் பாதி கடித்த பழம்.

"ஏனம்மா அழுறியள்?" என்று கேட்டாள்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த அதிகாரி மரத்தைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், படத்திலிருந்த வட்டத்தைப் பார்த்தார். பிறகு படத்தின் ஓரத்தில் சரியென்று ஒரு குறி போட்டார்.

மகளுக்கு இப்போது இருபது கடந்துவிட்டது. இன்றும் சாலையோரம் சோளத்தைக் கண்டால் என் கை அவள் கையைத் தேடிப் போகிறது. "விடுங்கோ அம்மா," என்கிறாள்.

அவள் சோளத்துக்குள் போனதற்கு அடுத்த மே மாதம் அண்ணை புதிய படத்தைக் காட்ட வந்தார். வயலோரத்திலிருந்து பேரிக்காய் மரம் வரை ஒல்லியாக ஒரு கோடு.

"இது என்ன அண்ணை?"

"அதிலை விதைக்கேல்லை, பிள்ளை. சின்னவள் இன்னொருக்கா உள்ளை போனாலும், வெளியாலை வர ஒரு பாதை வேணுமெல்லே."

அதையும் கழித்திருந்தார். அந்த ஆண்டு மட்டும் பண்ணைக்காரர் தலையில் கை வைக்காமல் கையெழுத்துப் போட்டார்.